ஒத்திகையில் வரும் பேச்சு நேர்முகத் தேர்வில் வராமல் போவது ஏன்? ஏஐ கருவி பயத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

கேள்வி: சிட்லபாக்கம் வாசி

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினேன். சென்ற ஆவணியில் எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். அன்று முதல் இன்றுவரை ஏழு நேர்முகத் தேர்வுகளைச் சந்தித்திருக்கிறேன். ஐந்து காணொளி வழியாக, இரண்டு நேரில். ஏழிலும் ஒரே கதைதான்.

வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன், அதிகாலை ஐந்து மணிக்குச் சமையலறை மேடையில் சர்க்கரை டப்பாவின் மீது கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஏஐ கருவியுடன் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்க்கிறேன். அது நேர்காணல் அதிகாரியைப் போலக் கேள்வி கேட்கும். நான் பதில் சொன்னதும் மதிப்பெண் போடும். எத்தனை முறை ‘ம்ம்’ என்று இழுத்தேன் என்று எண்ணிச் சொல்லும். பிறகு என் பதிலையே இன்னும் அழகாகத் திருத்தி எழுதித் தரும். அந்தத் திருத்திய பதில்களை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து வருகிறேன். ஒரு மாதத்தில் என் மதிப்பெண் 61இலிருந்து 88க்கு உயர்ந்தது.

ஆனால் உண்மையான நேர்காணலில் நடப்பது வேறு. சென்ற வாரம் கிண்டியில் நேரில் நடந்ததைச் சொல்கிறேன். என் முந்தைய பணியைப் பற்றி இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பேன், எதிரே அமர்ந்திருந்தவர் கையை லேசாக உயர்த்தி, “அதில் குழு செய்தது இருக்கட்டும், நீங்கள் தனியாகச் செய்தது என்ன?” என்று கேட்டார். அது கடினமான கேள்வியே அல்ல. ஆனால் என் நோட்டில் அந்த இடத்தில் மூன்றாவது வாக்கியம்தான் இருந்தது, அந்தக் கேள்வி இல்லை. நோட்டின் பக்கம் கண்முன் தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் என்ன பேசினேன் என்பது எனக்கே நினைவில்லை.

இப்போது என் தோழி, நேர்காணல் நடக்கும்போதே கேள்வியைக் காதில் வாங்கித் திரையில் பதிலைக் காட்டும் கருவி ஒன்றைப் பரிந்துரைக்கிறாள். திரையைப் பகிர்ந்தாலும் எதிராளிக்கு அது தெரியாதாம். அது சரியா தவறா என்று எனக்குள் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதை இங்கே இழுக்க விரும்பவில்லை. நான் அறிய விரும்புவது, அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் என் பயம் குறையுமா என்பதைத்தான். அதோடு, இவ்வளவு ஒத்திகை பார்த்தும் பயம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: பெருங்குடி பேனல்காரர்

சகோதரி, நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். பழைய மகாபலிபுரம் சாலையில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகளாக ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். உங்கள் தோழி சொல்லும் கருவியைப் பயன்படுத்துபவர்களை வாரத்துக்கு இருவரையாவது பார்க்கிறேன் என்பதால், எங்கள் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்பதை எழுதுகிறேன்.

அந்தக் கருவி முதலில் கேள்வியை முழுதாகக் கேட்க வேண்டும். ஒலியை எழுத்தாக மாற்ற வேண்டும். அதை எங்கோ உள்ள கணினிக்கு அனுப்பி, பதிலை வாங்கித் திரையில் காட்ட வேண்டும். இதற்குச் சில நொடிகள் போகும். அந்த நொடிகளை நிரப்புவதற்காக எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: கேட்ட கேள்வியையே மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, “நல்ல கேள்வி” என்கிறார்கள். பிறகு கண் இடமிருந்து வலமாக ஓடித் திரும்பி வந்து மறுபடி ஓடும். கண்ணாடி அணிந்தவராக இருந்தால் வெள்ளைக் கட்டம் ஒன்று அதில் பளிச்சென்று தெரியும்.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்தார். எதைக் கேட்டாலும் மூன்று காரணங்களாகப் பிரித்து, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்லி வந்தார். நடுவில் அவருடைய கருவி தடுமாறியது போலும். காணொளி ஓடியது, குரல் வந்தது, ஆனால் அவர் பாதி வாக்கியத்தில் கரண்ட் போன மிக்ஸியைப் போல நின்றுவிட்டார். அரை நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத்தான் சங்கடமாகி, “சாப்பிட்டாச்சா தம்பி?” என்று தமிழில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு, “சென்ற வேலையில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பிழை ஒன்றைச் சொல்லுங்கள்” என்றேன். பணம் இரண்டு முறை கழிந்துகொண்டிருந்த ஒரு கோளாறைத் தான் எப்படித் தேடிப் பிடித்தார் என்று பன்னிரண்டு நிமிடம் தமிழும் ஆங்கிலமும் கலந்து கொட்டித் தீர்த்தார். எல்லாம் தெரிந்த பையன்! ஆனால் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தை எங்கள் குழுவில் இன்னொருவர் ஏற்கெனவே குறித்து வைத்துவிட்டார். அவரைத் தேர்வு செய்ய முடியவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கேள்வியைக் கேட்பது, பதிலைப் படிப்பது, படிக்காதது போல நடிப்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே மூளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. அதோடு, பிடிபட்டுவிடுவோமோ என்ற நான்காவது கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பயம் குறையும் என்ற கணக்கு எனக்குப் புரியவில்லை. மேலும், இது எத்தனை நாள் ஓடும் என்பதும் சந்தேகம்தான். நம்ம ஊரில் படித்து வளர்ந்த சுந்தர் பிச்சையே, கூகுளில் ஒரு சுற்றையாவது நேரில் நடத்தப் போவதாக 2025இல் சொல்லிவிட்டார். எங்கள் அலுவலகத்திலும் இறுதிச் சுற்று இப்போது நேரில்தான் நடக்கிறது.

பதில்: அடையாறு ஆலோசகர்

நான் மனநல ஆலோசகர். கேள்வி கேட்டவர் தம்மைத் தாமே மிகத் துல்லியமாகக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தத் துல்லியத்திலேயே சிக்கலின் ஒரு நுனியும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறர் முன்னால் பேசும்போது ஏற்படும் அச்சம் ஏன் தானாகத் தேய்ந்து போவதில்லை என்பதற்கு டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் ஒரு விளக்கம் தந்தார்கள். அச்சமுள்ளவர் ஆபத்தைத் தடுப்பதாக நினைத்துச் சில காரியங்களைச் செய்கிறார். அவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். கை நடுங்குவது வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுபவர் காப்பி டம்ளரை இறுகப் பிடிப்பார். இறுகப் பிடிப்பதாலேயே நடுக்கம் கூடும். காப்பி சிந்தாமல் போனால்கூட, ‘இறுகப் பிடித்ததால் தப்பித்தேன்’ என்றுதான் மனம் எழுதிக்கொள்ளுமே தவிர, ‘பிடிக்காவிட்டாலும் சிந்தியிருக்காது’ என்பதை அது கற்றுக்கொள்வதே இல்லை. அதனால் அடுத்த முறையும் அச்சம் அதே அளவில் வந்து நிற்கும்.

நேரலையில் பதில் காட்டும் கருவி அந்த டம்ளர்ப் பிடிதான். அதை வைத்துக்கொண்டு தேர்வானாலும், பெருமை கருவிக்குப் போகும், பயம் உங்களிடமே தங்கும். பிறகு வேலையில் சேர்ந்த முதல் நாள் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். அந்த நோட்டும் அதே வகைதான். ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே கட்டி வைத்துக்கொண்டு போகிறவர், எதிரே இருப்பவரின் கேள்வியைக் கேட்பதில்லை. தன் நோட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தேடுகிறார். இடையில் ஒருவர் கை உயர்த்தினால் அது உரையாடலாகப் படுவதில்லை, விபத்தாகப் படுகிறது. கிண்டியில் நடந்தது அதுதான். மதிப்பெண்ணும் இன்னொரு வழியில் கெடுக்கிறது. எத்தனை ‘ம்ம்’ சொன்னோம் என்று தினமும் எண்ணிப் பழகிய காது, நேர்காணலிலும் தன்னையே எண்ணிக்கொண்டிருக்கும். கவனம் எதிராளியிடமிருந்து விலகித் தன் மீதே குவிவதுதான் இந்த அச்சத்துக்கு எண்ணெய் என்று அதே இருவரும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கருவி உங்களைக் கண்ணாடி முன் நிற்க வைத்தே பழக்கியிருக்கிறது.

மனப்பாடத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். சிலரைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். காலை ஆறு மணிக்குக் கிடைக்கும் 88, அந்த ஐந்து நிமிடச் சோதனையின் மதிப்பெண்ணைப் போன்றது.

கருவியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதனிடம் கொடுத்திருக்கும் வேலையை மாற்றுங்கள். பதிலைத் திருத்தி எழுதாதே, மதிப்பெண் போடாதே, நான் பேசும்போது எதிர்பாராத இடத்தில் குறுக்கிட்டுத் துணைக்கேள்வி மட்டும் கேள் என்று அதற்குக் கட்டளையிடுங்கள். ஒரே பணி அனுபவத்தை மூன்று நாள் மூன்று விதமான சொற்களில் சொல்லிப் பாருங்கள். ஒருநாள் சொன்ன வாக்கியம் மறுநாள் வரக் கூடாது. நோட்டில் வாக்கியம் வேண்டாம், ஓர் அனுபவத்துக்கு நான்கைந்து சொற்கள் போதும். அதன்பின் மனிதர் ஒருவரிடம் பழகுங்கள். இயந்திரம் கொட்டாவி விடாது, கடிகாரத்தைப் பார்க்காது, முகம் சுளிக்காது. உங்கள் அச்சமோ அந்த முகத்தின் மீதுதான்.

படபடப்பை அடக்கியே தீர வேண்டும் என்று உள்ளே போகாதீர்கள். ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சில் நன்றாகச் செய்ததை ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டினார். இரண்டு நிலையிலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது. பெயரை மாற்றுவது சுலபம், துடிப்பை நிறுத்துவது கடினம். நேர்காணல் பதற்றத்தைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கனடியக் கட்டுரை ஒன்றும், பதற்றம் கூடினால் மதிப்பீடு குறைகிறது, ஆனால் அந்தத் தொடர்பு அவ்வளவு பெரிதல்ல என்றே சொல்கிறது. பதற்றப்பட்டவர் கணக்குப் போடும் இழப்பு, உண்மையான இழப்பைவிடப் பெரும்பாலும் பெரியது.

தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்கு இது போனால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம்.

பதில்: போளூர் டு தரமணி

மேடம் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தேன். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். நகரத்துக் கல்லூரியில் படித்த என் அறைத் தோழர்களுக்குச் சீனியர் இருந்தார், மாமா இருந்தார், ‘அங்கே என்ன கேட்பார்கள்’ என்று சொல்ல ஒரு குரல் இருந்தது. 2022இல் வந்த ‘நான் முதல்வன்’ திட்டமெல்லாம் நான் படித்து முடித்த பிறகுதான். நான் தப்பாகப் பேசினால் சிரிக்காத ஒன்றை, திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து இரவு பதினொரு மணிக்கு ஏஐ கருவியுடன் பேசிப் பழகியபோதுதான் முதல் முறையாகப் பெற்றேன். மனிதரிடம் பழகுங்கள் என்கிறீர்கள். அந்த மனிதரைத் தேடிப் போவதற்கான துணிச்சலே எனக்கு அந்தக் கருவியிடமிருந்துதான் வந்தது.

நான் செய்தது இதுதான், அக்கா. முதலில் நடந்ததைத் தமிழிலேயே அதனிடம் சொல்வேன். நான் சொன்னதில் எது புரியவில்லை என்று கேட்கச் சொல்வேன். புரியும்படி சொல்லி முடித்தபின், இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் ஆங்கிலச் சொல் கேட்டு வாங்கிக்கொள்வேன். பிறகு திரையை அணைத்துவிட்டு, கோர்வையாக வருகிறதோ இல்லையோ, ஆங்கிலத்தில் சொல்வேன். மூன்று மாதத்தில் நாக்கு திரும்பிவிட்டது.

ஆனால் அந்த இயந்திரத்தின் காதையும் முழுதாக நம்பாதீர்கள். நான் ‘வேலிடேஷன்’ என்று சொன்னதை அது ‘வெக்கேஷன்’ என்று எழுதிக்கொண்டு, வேலைக்கு வருவதற்கு முன்பே விடுமுறை பற்றி அதிகம் பேசுகிறீர்கள் என்று எனக்கு அறிவுரை சொன்னது. அன்று இரவு முழுக்க என் உச்சரிப்பை நினைத்துக் கூசிப் போயிருந்தேன். பிறகுதான் படித்தேன்: அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் பேச்சை எழுத்தாக மாற்றும் கருவிகளை அமெரிக்காவில் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பேச்சில் நூறு சொற்களுக்குச் சராசரியாக 19 பிழையும் கறுப்பினத்தவர் பேச்சில் 35 பிழையும் வந்திருக்கின்றன. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதி என்றால் போளூர் ஆங்கிலம் எம்மாத்திரம்? உச்சரிப்புக்கு அது போடும் மதிப்பெண்ணை அன்றோடு பார்ப்பதை விட்டேன்.

பேனல்காரர் சாருக்கு ஒன்று. நீங்கள் எங்கள் விண்ணப்பங்களை வடிகட்ட இயந்திரத்தை வைத்திருக்கிறீர்கள். யாரும் எதிரே இல்லாமல் கேமராவைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறீர்கள். அதிலும் இயந்திரம் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது என்று மேன்ஷன் முழுக்கப் பேச்சு. கேட்பதோ இணையத்தில் கிடைக்கும் அதே பத்துக் கேள்வி. மனப்பாடம் செய்ய வைத்தது யார்?

பதில்: பெருங்குடி பேனல்காரர்

தம்பி, குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ‘ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்’ என்ற கேள்வியை நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேட்ட எனக்கே அப்போது பதில் தெரியாது. வாய்க்கு வந்ததைக் கேட்பதைவிட, எல்லோருக்கும் ஒரே வரிசையில், வேலையோடு ஒட்டிய கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிட்டால் ஆளைச் சரியாக எடைபோட முடிகிறது என்று ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் குழுவுக்கு அது வந்து சேர இத்தனை காலம் ஆனது. இப்போது ஒரு சிறிய நிரலைக் கையில் கொடுத்து, எங்கள் முன்னாலேயே பிழை தேடச் சொல்கிறோம். ஏஐ வேண்டுமென்றால் வெளிப்படையாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம், அது சொன்னதில் எதை ஏற்கிறீர்கள், எதைத் தள்ளுகிறீர்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். மறைத்துப் படித்தவர்களில் பாதிப் பேர் இதில் நன்றாகச் செய்வார்கள் என்றே நினைக்கிறேன்.

முகத்துக்கு மதிப்பெண் என்ற பேச்சு முழுக்கப் பொய்யல்ல. காணொளி நேர்காணல் தளமான ஹயர்வியூ முன்பு முகபாவனையையும் கணக்கில் எடுத்தது. கடும் விமர்சனத்துக்குப் பின் அதைக் கைவிட்டதாக 2021இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பணியிடத்தில் ஒருவரின் உணர்ச்சியை இயந்திரத்தால் ஊகிப்பது 2025 பிப்ரவரி 2 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. பதிவு செய்து அனுப்பும் நேர்காணல் வந்தால், அதை மதிப்பிடுவது மனிதரா இயந்திரமா என்று மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்களிடம் இதுவரை மூன்று பேர்தான் கேட்டிருக்கிறார்கள்.

பதில்: சிட்லபாக்கம் வாசி

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

அந்த நேரலைக் கருவியை வாங்கவில்லை. மேடம் நோட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு மாத உழைப்பு அது. நோட்டை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டு, அவர் சொன்னபடி கருவிக்குக் கட்டளையை மாற்றினேன். முதல் நான்கு நாள் படுமோசம். அது குறுக்கிடும்போதெல்லாம் வாயடைத்துப் போனேன். மதிப்பெண் இல்லாததால், தேறுகிறேனா என்றுகூடத் தெரியவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அது கேட்ட ஒரு கேள்விக்கு, “அது எனக்கு நினைவில்லை, ஆனால் அன்று நாங்கள் இப்படித்தான் யோசித்தோம்” என்று என் வாயிலிருந்து ஒரு பதில் வந்தது. அந்த வாக்கியம் என் நோட்டில் எங்குமே இல்லை.

பிறகு எங்கள் பெரியப்பாவைப் பிடித்தேன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மென்பொருள் என்றால் என்னவென்றே தெரியாது என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கேட்டார். நடுவில் கொட்டாவியும் விட்டார், ஒருமுறை தூங்கியே விட்டார். மேடம் சொன்ன பயிற்சி இதைவிடச் சிறப்பாகக் கிடைக்காது.

சென்ற வியாழக்கிழமை காணொளி வழியாக ஒரு நேர்காணல் நடந்தது. போளூர்த் தம்பி சொன்னபடி, முந்தின இரவு ஒவ்வொரு அனுபவத்தையும் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நடுவில், தானியங்கிச் சோதனை ஒன்றைப் பற்றி அவர் குறுக்கே கேட்டதும் அதே பழைய உணர்வு வந்தது, நாக்கு உலர்ந்தது. “கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அவர் குடிக்கிறாரே என்று நானும் குடித்தேன்.

இரண்டாம் சுற்று திங்கட்கிழமை காலை தரமணியில், நேரில். கைப்பேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். என்னிடம் கைக்கடிகாரம் இல்லாததால் பெரியப்பாவுடையதைக் கடன் கேட்டிருக்கிறேன். பட்டையில் இன்னும் இரண்டு துளை போட வேண்டும்.